அடுப்பு, எஃப்.ஐ.ஆர்., பீடிச் சுளகு: சமூகவியலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

2024 ஜூன் 12 – கேட்டவர்

பி.ஏ. சமூகவியலில் இடம் கிடைத்திருக்கிறது. பாடத்திட்டத்தைப் புரட்டினேன். குடும்பம், குற்றம், தொழில் என்று தனித்தனித் தாள்கள். கூட்டுக்குடும்பம் உடைந்துவிட்டது, குற்றம் பெருகிவிட்டது, பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். டீக்கடையிலேயே இதைத்தானே பேசுகிறார்கள்? இதில் மூன்று வருஷம் படிக்க என்ன இருக்கிறது? "பொது அறிவுப் பாடம்தான், மனப்பாடம் பண்ணினால் பாஸ்" என்கிறார் சீனியர்.

ஜூன் 12, இரவு – பதில் சொல்பவர்

சீனியர் சொல்கிறபடி படித்தால் பாஸ் ஆகலாம். ஆனால் நீங்கள் எழுதிய மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட அப்படியே நிற்காது. மூன்றையும் பார்த்துக் கேட்கவேண்டியது ஒன்றுதான்: எண்ணியது யார், எதை "ஒன்று" என்று எண்ணினார்?

குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உடைந்துவிட்டது என்றால் முன்பு எத்தனை, இப்போது எத்தனை என்று ஒரே படியால் அளந்திருக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அளப்பது குடும்பத்தை அல்ல, வீட்டாரை. சேர்ந்து குடியிருந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீட்டார். அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தம்பி பொண்டாட்டி தனி உலை வைத்துவிட்டால் கணக்கில் இரண்டு வீட்டார். நிலம் இன்னும் அப்பா பெயரில் கிடக்கலாம், தங்கை கல்யாணச் செலவைப் பங்குபோட்டிருக்கலாம். அது எதுவும் அந்தப் படிவத்தில் ஏறாது.

ஐ.பி. தேசாய் குஜராத்தில் மஹுவா என்ற சிற்றூரில் செய்த ஆய்வு (1964) இதைத்தான் காட்டியது. தனித்தனியாகக் குடியிருந்தவர்கள் சொத்திலும் கடமையிலும் கூட்டாகவே இருந்தார்கள். ஏ.எம். ஷா 1973இல் "வீட்டார் வேறு, குடும்பம் வேறு" என்று இரண்டையும் கறாராகப் பிரித்தார். தேர்வுக்கு இந்த இரண்டு பெயர் போதும். வாசலில் நின்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தால்தான் அந்தப் பிரிவினை எவ்வளவு அவசியம் என்பது பிடிபடும்.

ஜூன் 13

எண்ணுவது எப்படி என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

ஒரு தெரு, அடுத்தடுத்த 20 வீடு. தெரிந்த வீடாகப் பொறுக்காதீர்கள். பொறுக்கினால் உங்களுக்குக் கதவு திறக்கிற வீடுகளைப் பற்றி மட்டும்தான் தெரியவரும். வீட்டுக்கு ஒரு ஏ4 தாள், அதைப் படுக்கையாக வைத்து ஒரு ஆளுக்கு ஒரு வரி. கட்டங்கள்: வரிசை எண், தலைவருக்கு என்ன உறவு, வயது, ஆணா பெண்ணா, கல்யாண நிலை, எந்த அடுப்பில் சாப்பாடு, நேற்று ராத்திரி எங்கே தூங்கினார், என்ன வேலை, வேலை எந்த ஊரில், பணம் யார் கையில் சேர்கிறது. பெயர் வேண்டாம், எண் போதும். ஒரு வீட்டுக்கு 25 நிமிஷம் ஆகும். காலை 7 முதல் 9 வரை போகாதீர்கள், அடுப்படி நேரத்தில் யாரும் உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார்கள்.

கை வழுக்கும் இடம் மூன்று. துபாயில் இருக்கிற மகன் ஆளா இல்லையா என்று குழம்புவீர்கள். அவருக்குத் தனிக் குறி போடுங்கள், அழிக்காதீர்கள். அடுத்தது, பாட்டி இந்த மாதம் பெரியவன் வீடு, அடுத்த மாதம் சின்னவன் வீடு என்று முறை வைத்துச் சாப்பிடுகிறவராக இருப்பார். இரண்டு வீட்டுத் தாளிலும் எழுதி ஒன்றோடு ஒன்றைக் கோடு போட்டு இணைத்துவிடுங்கள். மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்: தலைவரின் வயதை விட்டுவிடுவது. புதிதாகக் கல்யாணமானவர்கள் பெற்றோருடன் இருப்பார்கள், பிள்ளை பிறந்தபின் தனிக்குடித்தனம் போவார்கள், 30 வருஷம் கழித்து மருமகள் வந்ததும் அதே வீடு மறுபடி கூட்டுக்குடும்பம் ஆகிவிடும். ஒரே நாளில் எண்ணினால் 20 வீடும் இந்தச் சுற்றின் வெவ்வேறு கட்டத்தில் நிற்கும். வயதுக் கட்டம் இல்லாவிட்டால் சுற்றைப் பார்த்துவிட்டுச் சிதைவு என்று எழுதிவிடுவீர்கள்.

இன்னொன்று. 20 வீட்டுக்குச் சதவீதம் போடாதீர்கள். ஒரு வீடு மாறினாலே 5 சதவீதம் மாறும். "20இல் 7" என்று எழுதுங்கள். இரண்டு விஷயங்களுக்கு நடுவில் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனையும் வேண்டாம். கட்டத்துக்கு எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5க்குக் கீழே போனால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. 20 வீட்டை நான்கு கட்டமாகப் பிரித்தால் எல்லாம் சரிபாதியாக விழுந்தால்தான் 5 வரும்.

ஜூன் 15

உறவுமுறைப் படம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, பெற்றோர் பிள்ளைக்குச் செங்குத்துக் கோடு, உடன்பிறப்புக்கு மேலே படுக்கைக்கோடு, இறந்தவர்மேல் சாய்கோடு. இதைப் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். கஷ்டமெல்லாம் கேள்வி கேட்பதில்தான்.

"இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டால் "சொந்தக்காரர்" என்று முடித்துவிடுவார்கள். "இவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது பாருங்கள்: அப்பாவின் அக்கா தங்கையும் அத்தை, தாய்மாமன் மனைவியும் அத்தை, கட்டிக்கொடுத்த இடத்தில் மாமியாரும் அத்தை. மூன்று பேருக்கு ஒரே சொல் ஏன்? அத்தை மகனையோ மாமன் மகனையோ கட்டினால் மூவரில் இருவர் ஒரே ஆளாக இருக்க வாய்ப்புண்டு என்பதால். சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் அண்ணன், தம்பி. அத்தை மகன் மச்சான். ஆகவே கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்பதைக் கூப்பிடுகிற சொல்லே சொல்லிவிடுகிறது. பங்காளிகளுக்கு ஒரு நிறம், மாமன் மச்சான்களுக்கு இன்னொரு நிறம் என்று பென்சிலால் தீட்டினால் மூன்று தலைமுறைப் படம் இரண்டாகப் பிரிந்து கண்ணுக்குத் தெரியும்.

அமெரிக்க ஆய்வாளர் மார்கன் 1871இல் உலகத்து உறவுச் சொற்களைத் திரட்டியபோது, தமிழ் முறையும் அவர் ஊருக்குப் பக்கத்து இரோக்வாய் மக்களின் முறையும் ஒத்திருந்ததைக் கண்டு அசந்துபோனார். மானுடவியலில் உறவுமுறைப் படிப்பு வேர்விட்ட இடங்களில் ஒன்று நம் அத்தை, மாமா என்ற சொற்கள். பாடத்தில் "திராவிட உறவுமுறை" என்று நாலு வரியில் கடந்துவிடுவார்கள். விடாதீர்கள், உங்களுக்குக் கைவந்த மொழி அது. இராவதி கார்வே 1953இல் வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டு எழுதியதை இதற்கு அடுத்துப் படியுங்கள். வடக்கே பல பகுதிகளில் பெண் கொடுத்த ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு, இரண்டுக்கும் நடுவில் கதவு சாத்தியிருக்கும். இங்கே மாமியார் முன்பே அத்தையாக இருந்தவர்.

ஜூன் 16

நேற்றைய குறிப்பின் கடைசி வரி கொஞ்சம் இனிப்பாகிவிட்டது. மாமியார் அத்தையாக இருப்பதால் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் அடி விழுந்தால் புகார் கொடுக்கப் போகிற இடமும் அதே சொந்தமாக இருக்கும்போது வாய் அடைத்துப்போகும். நெருங்கிய உறவில் திருமணம் நாட்டின் சராசரியைவிடத் தமிழ்நாட்டில் இரண்டு மடங்குக்கும் மேல் என்பது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இருக்கிறது. அதை மரபணு நோய்க்கான தகவலாக மட்டும் பார்க்காமல், சொத்து, சீர், புகார் மூன்றோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஜூன் 23

குற்றத்துக்கு வருவோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986இல் அமைந்தது. "இந்தியாவில் குற்றம்" அறிக்கை அதற்கு முன்பிருந்தே, 1953ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வருகிறது. அதில் இருப்பது நடந்த குற்றம் அல்ல, பதிவான குற்றம். நடந்ததற்கும் பதிவானதற்கும் நடுவில் எத்தனை வாசல் என்று ஒரு செல்போன் திருட்டை வைத்துப் பாருங்கள்.

பறிகொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போனவரை உட்காரவைத்து எழுதி வாங்க வேண்டும். நம் ஊரில் முதலில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வந்தது என்பதற்கான ரசீது. அது எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் குற்றக் கணக்கு. "தொலைந்துபோனது" என்று எழுதிக்கொடுத்தால் சிம் வாங்கலாம், ஆனால் திருட்டு என்ற எண்ணிக்கை அங்கேயே காணாமல் போய்விடும். எஃப்.ஐ.ஆர். ஆனபிறகு எந்தப் பிரிவு என்பது இன்னொரு வாசல். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றம் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையான ஒன்றை மட்டும் காப்பகம் எண்ணும். வீடு புகுந்து கொள்ளையடித்துக் கொலையும் செய்தால் கொலைப் பத்தியில் 1, கொள்ளைப் பத்தியில் 0.

மாநிலங்களை ஒப்பிட்டு "அங்கே குற்றம் அதிகம்" என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் விழும் குழி இதுதான். கேரளத்தின் விகிதம் பல வருஷமாகப் பட்டியலில் மேலே இருக்கிறது. வாசல் அகலமாகத் திறந்திருந்தாலும் எண் ஏறும். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் கொலையை எடுங்கள். உடல் கிடக்கும், மறைப்பது கஷ்டம். பாலியல் குற்றத்தையும் குடும்ப வன்முறையையும் வைத்து மாநிலங்களை வரிசைப்படுத்தவே கூடாது.

விகிதத்தில் வகுக்கும் எண்ணையும் கவனியுங்கள். பொதுவாக ஒரு லட்சம் மக்களுக்கு. பெண்களுக்கு எதிரான குற்றத்துக்கு ஒரு லட்சம் பெண்களுக்கு. இரண்டு பத்தியையும் நேராகக் கழித்துப் பார்த்தால் வரும் விடைக்கு ஒரு பொருளும் கிடையாது.

ஜூன் 24

பதிவு கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிடியாணை இல்லாமலே கைதுசெய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், சில வகைகளில் மட்டும் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம். எனவே 2013க்கு முன், பின் என்று போலீஸ் எண்களைப் படிக்கும்போது இதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எண் கூடினால் குற்றம் கூடியதாகவும் இருக்கலாம், பேனா திறந்ததாகவும் இருக்கலாம்.

ஜூலை 1

இன்றிலிருந்து பழைய எண்களைப் பழக்கதோஷத்தில் எழுதாதீர்கள். 1860இன் இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலை 302 இருந்தது 103. திருட்டு 379 இருந்தது 303. ஏமாற்று 420 இருந்தது 318. கணவன் வீட்டார் கொடுமை 498ஏ இருந்தது 85, 86. எஃப்.ஐ.ஆர். பதிவதற்கான பிரிவு பழைய நடைமுறைச் சட்டத்தில் 154, புதியதில் 173. நேற்றுவரை நடந்த குற்றத்துக்கு இன்று புகார் கொடுத்தாலும் பழைய சட்டப் பிரிவுதான் போடுவார்கள், அதுவும் நினைவிருக்கட்டும்.

சமூகவியல்காரருக்கு இதில் ஒரு நல்ல வேலை காத்திருக்கிறது. செயின் பறிப்பு போன்ற வழிப்பறிக்கு 304 என்று தனிப் பிரிவு புதிதாக வந்திருக்கிறது. முன்பு அதில் பெரும்பங்கு திருட்டிலோ கொள்ளையிலோ போய் விழுந்தது. 2024 அறிக்கை வரும்போது திருட்டு குறைந்ததுபோலத் தெரிந்தால், திருடர்கள் குறைந்தார்களா கட்டம் பிரிந்ததா என்று முதலில் பாருங்கள். இன்னொரு புதிய விஷயம்: 3 வருஷம் முதல் 7 வருஷத்துக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களில் மேலதிகாரி அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று 173 சொல்கிறது. போன வாரம் நான் சொன்ன வாசல்களில் இன்னொன்று கூடியிருக்கிறது.

ஜூலை 9 – கேட்டவர்

குற்றத் தாளில் மெர்ட்டன், சதர்லாண்ட், பெக்கர் என்று பெயர்கள் வருகின்றன. மூன்றையும் குழப்பாமல் நினைவில் வைக்க வழி?

ஜூலை 9

கோட்பாட்டை நினைவில் வைக்கப் பாட்டுக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நம் மண்ணின் வழக்கு ஒன்றைக் கட்டிவையுங்கள்.

மெர்ட்டன் (1938): சமூகம் எல்லோர் முன்னாலும் ஒரே இலக்கை வைக்கிறது, போகிற வழியை எல்லோருக்கும் திறப்பதில்லை. இலக்கை ஏற்று வழியைத் தாண்டுகிறவரை அவர் "புதுமை செய்பவர்" என்றார். இந்தச் சொல்லைப் பாராட்டாகப் படித்து விடைத்தாளில் தொழில்முனைவோரை எழுதிவிடுகிறார்கள், மதிப்பெண் அங்கேதான் போகிறது.

சதர்லாண்ட் (1939 உரை, 1949 நூல்): மதிப்பான இடத்தில் இருப்பவர் தன் தொழில் வழியாகவே செய்யும் குற்றம். அதிக வட்டி ஆசைகாட்டிய நிதி நிறுவனங்களுக்காகத் தமிழ்நாடு 1997இல் தனியாக முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் ரசீதோடு நிற்கிற கூட்டம் சதர்லாண்டைப் புரியவைக்கும். செல்போன் பறித்தவன் படம் பேப்பரில் வருகிறது, ஆயிரம் குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்தவர் "நிர்வாக இயக்குநர்" என்றே வருகிறார்.

பெக்கர் (1963): செயலில் இல்லை, ஒட்டும் பெயரில் இருக்கிறது குற்றவாளி என்ற அடையாளம். இதற்கு உலகத்திலேயே கூர்மையான உதாரணம் நம் கையில் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் ஏறிய சாதியில் பிறப்பதே குற்றம். பெரியவர்கள் கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச்சீட்டு வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் இன்றும் "கைரேகைச் சட்டம்" என்றுதான் சொல்வார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போனது, நாடு முழுக்க 1952இல். பெயர் போனதா? அந்தச் சாதிகளுக்கு வந்த சீர்மரபினர் என்ற சொல், டி.என்.சி.யா (சீர்மரபுச் சமூகம்) டி.என்.டி.யா (சீர்மரபுப் பழங்குடி) என்ற சான்றிதழ்ச் சண்டை, 1979 அரசாணை, 2019இல் இரட்டைச் சான்றிதழ் என்று நீண்டுகொண்டே வருகிறது. பெக்கரின் இந்த முத்திரைக் கோட்பாட்டைப் பற்றி எழுத அவர் ஆராய்ந்த அமெரிக்க ஜாஸ் இசைக்காரர்களோடு நிறுத்தாதீர்கள். இதை எழுதுங்கள், வருஷத்தோடு எழுதுங்கள்.

ஜூலை 11

ஒன்று விட்டுப்போனது. டுர்க்கைம் 1897இல் தற்கொலை பற்றி எழுதியது அரசு எண்களை வைத்து. அந்த எண்ணை யாரோ ஒரு குமாஸ்தா எழுதியிருப்பாரே என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நம் பேப்பரில் "தீராத வயிற்றுவலி" என்று ஒரு வாக்கியம் வரும். அந்த வயிற்றுவலிக்குள் சில சமயம் கடன் இருக்கும், காதல் இருக்கும், அடி இருக்கும். வீட்டார் சொல்கிற, ஸ்டேஷனில் ஏற்கிற, சங்கடமில்லாத ஒரு காரணம். காப்பகத்தின் 2022 தற்கொலை அறிக்கையில் "குடும்பப் பிரச்சினை" 31.7 சதவீதம், "நோய்" 18.4 சதவீதம். இந்த இரண்டு பத்திக்கும் நடுவில் உள்ள கோடு எவ்வளவு மெலிது என்று யோசியுங்கள்.

உங்கள் களப்பணியில் இதைப் பற்றியும் வீட்டு வன்முறையைப் பற்றியும் கேள்வி வைக்காதீர்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே வன்முறைப் பகுதியை ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம்தான் கேட்பார்கள், தனிமை கிடைக்கவில்லையென்றால் கேட்கவே மாட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு. நீங்கள் கேட்டுவிட்டு வந்தபின் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களால் பொறுப்பேற்க முடியாது.

ஜூலை 20

வேலை. உங்கள் மூன்றாவது வாக்கியம்: "பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்."

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017–18இல் தொடங்கியது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு செயல்நிலைக் குறியீடு. 11 சொந்தத் தொழில், 12 ஆள்வைத்து நடத்துபவர், 21 வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர், 31 மாதச் சம்பளம், 41, 51 தினக்கூலி, 81 வேலை தேடுபவர், 91 படிப்பவர், 92 வீட்டு வேலை மட்டும், 93 வீட்டு வேலையோடு விறகு பொறுக்குதல், தையல் மாதிரி வீட்டுக்கே ஆகும் வேலை. 92ம் 93ம் உழைப்பாளர் படையில் (வேலை செய்பவர், வேலை தேடுபவர் கூட்டத்தில்) சேராது. வருஷத்தில் 183 நாளுக்கு மேல் எது செய்தாரோ அது வழக்கமான நிலை.

15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பாளர் படையில் இருப்போர் 2017–18இல் 23.3 சதவீதம், 2022–23இல் 37 சதவீதம். ஏறியது உண்மைதான். எந்தக் குறியீட்டில் ஏறியது? வேலையில் இருக்கும் பெண்களில் 21, அதாவது சம்பளமில்லாமல் உதவுகிறவர்கள், 31.7இல் இருந்து 37.5 ஆனார்கள். ஆகவே "வேலைக்குப் போனார்கள்" என்பதில் "போனார்கள்" என்ற சொல்லே பாதி இடங்களில் பொருந்தாது. அதே மாடு, அதே கடை, அதே தோட்டம். 93இல் இருந்து 21க்குப் பேனா நகர்ந்ததும் அதில் கலந்திருக்கலாம்.

ஜூலை 22 – கணக்கெடுப்பு வேலையில் இருப்பவர்

183 நாள் என்பது தவறு. பாதிப் பாடநூல்களில் இப்படித்தான் இருக்கிறது. கையேட்டில் நாள் எண்ணிக்கை கிடையாது. கடந்த 365 நாளில் உழைப்பாளர் படையில் இருந்த காலம் அதிகமா, வெளியே இருந்த காலம் அதிகமா என்று முதலில் பார்க்கணும். உள்ளே என்றால் வேலையில் இருந்தது அதிகமா, தேடியது அதிகமா என்று அடுத்தது. அதுதான் முதன்மை நிலை. முதன்மை நிலையோடு கூடவே செய்த வேலைக்கான துணை நிலைக்குத்தான் எண்ணிக்கை உண்டு, 30 நாள். வாராந்திர நிலைக்குக் கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர்.

இன்னொன்று, வீட்டில் பதில் சொல்வது பெரும்பாலும் அந்தப் பெண் இல்லை, மாமனாரோ கணவரோதான். "அவ சும்மாதான் இருக்கா" என்பார். பின்னால் தொழுவத்தில் அந்த அம்மா சாணி அள்ளிக்கொண்டிருப்பார்.

ஜூலை 22, மாலை

திருத்தம் சரி. 183ஐ அடித்துவிடுங்கள். முதன்மை நிலைக்கு அதிக காலம் எது என்பதுதான் அளவு, துணைக்கு 30 நாள். கடைசிப் பத்தியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தாளில் இன்னொரு கட்டம் சேருங்கள்: பதில் சொன்னது யார்.

ஆகஸ்ட் 4

மூன்று தாளும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமானால் தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் வீடு ஒன்று போதும்.

இலையும் தூளும் கம்பெனி ஏஜென்ட் கடையிலிருந்து வரும். முதல்நாள் இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்து, அளவுத் தகடு வைத்து வெட்ட வேண்டும். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, தூளைப் பரப்பி, சுருட்டி, நூல் கட்டி, தலையை மடிக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. கடையில் எண்ணும்போது சரியில்லை என்று கழித்துப்போட்டால் அந்த நஷ்டம் சுற்றினவருக்கு. இலை பழுதாக வந்து எண்ணிக்கை குறைந்தாலும் கைக்காசு போட்டு இலை வாங்கி ஈடுகட்டணும். சுற்றுவது அம்மா. பள்ளிவிட்டு வந்த மகள் தலை மடித்துக் கொடுப்பாள். பாட்டி இலை வெட்டுவார். பாஸ்புக் அம்மா பெயரில் ஒன்றுதான்.

இப்போது எண்ணுங்கள். 1966இல் வந்த பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டுக்கு மூலப்பொருள் வாங்கிப்போய்ச் சுற்றுகிறவரையும் முதலாளி உள்ள தொழிலாளியாகவே வைத்தது. தொழிலாளர் கணக்கெடுப்பில் அவரே 11, சொந்தத் தொழில். மகள் 91, படிப்பவர். அவள் மடித்த ஆயிரமாயிரம் தலைகள் அம்மாவின் பாஸ்புக்கில் கரைந்துவிட்டன. பாட்டி 21 ஆகவும் ஆகலாம், "வயதானவர்" என்று வெளியேயும் போகலாம். பக்கத்து வீட்டில் கேட்டால் மூவருமே வீட்டில் சும்மா இருக்கிறார்கள். சட்டத்துக்கு ஒரு பதில், கணக்கெடுப்புக்கு ஒரு பதில், ஊருக்கு ஒரு பதில். ஒரே சுளகுதான்.

ஆகஸ்ட் 5

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. "இல்லத்தரசி" என்ற ஆள் எந்த மேஜைக்குப் போகிறாரோ அதற்குத் தக்கபடி மாறுகிறார். தொழிலாளர் கணக்கெடுப்பில் 92, தொழில் இல்லை. குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலை அறிக்கையில் தொழில்வாரிப் பட்டியலில் அவருக்குத் தனி வரிசையே உண்டு: 2022இல் இறந்தவர்களில் 14.8 சதவீதம். தினக்கூலிகள் 26.4 சதவீதம். உயிரோடு இருக்கும்வரை தொழில் இல்லாதவர், இறந்தபின் தொழில்வாரிப் பட்டியலில் இடம் கிடைக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கடந்துபோக முடிந்தால் இந்தப் பாடம் உங்களுக்கு வேண்டாம்.

நீதிமன்றத்துக்குப் போனால் இன்னொரு கணக்கு. விபத்தில் இல்லத்தரசி இறந்தால் இழப்பீடு எவ்வளவு? 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர், கைதிகளோடு ஒரே வகையில் வைத்ததைக் கடுமையாகக் கண்டித்தது. 2021 ஜனவரியில் இன்னொரு வழக்கில் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையே மேற்கோள் காட்டியது: ஊதியமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். அது அந்த வேலையைச் செய்பவர்களுக்கான சராசரி. எல்லா ஆண்களையும் சேர்த்தால் இன்னும் கீழே போகும். விடைத்தாளில் இந்த வேறுபாட்டை எழுதாமல் விடாதீர்கள்.

ஆகஸ்ட் 18

ரேஷன் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. அடுப்புக் கணக்குக்கு அதை நம்பக்கூடாது என்று பலருக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு கார்டைப் பிரித்திருப்பார்கள், தனியாகப் போய்ப் பத்து வருஷமாகியும் பெயர் நீக்காமல் இருப்பார்கள். அது இன்றும் சரி. ஆனால் ஒதுக்கியே வைக்கச் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். அரசு எதைக் குடும்பம் என்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

2023 செப்டம்பர் 15இல் தொடங்கியபோது மகளிர் உரிமைத்தொகைக்கு இருந்த விதிகளைப் பாருங்கள். ஒரு அட்டை ஒரு குடும்பம், ஒரு அட்டைக்கு ஒரு பெண், மாதம் 1000 ரூபாய். அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவி குடும்பத் தலைவி. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள். பெண்களின் ஊதியமில்லாத உழைப்பை அங்கீகரிப்பது என்று சொல்லிக் கொண்டுவந்த திட்டம் இது. ஒரே அட்டையில் மாமியாரும் மருமகளும் இருந்தால் அங்கீகாரம் யாருக்கு? அட்டை ஏன் பிரிகிறது என்பதற்கு ஒரு விடை இங்கே இருக்கிறது.

ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு, தலைக்கட்டு. கோயில் கொடைக்கு வரி போடும்போது பல ஊர்களில் கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. விதவை, தனியாக வாழும் பெண் எந்தக் கட்டில் என்று வரிநோட்டைப் பார்த்துக் கேளுங்கள். வரி கொடுக்காதவருக்கு மரியாதையும் கிடையாது, ஊர்க்கூட்டத்தில் குரலும் கிடையாது.

செப்டம்பர் 24

2023–24 தொழிலாளர் கணக்கெடுப்பு நேற்று வந்துவிட்டது. பெண்கள் 41.7 சதவீதம். ஜூலையில் எழுதிய 37ஐ இதோடு சேர்த்துப் படியுங்கள். வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழில் என்ற பெரிய பெட்டி 65.3இல் இருந்து 67.4 ஆகியிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள்தான் 11ம் 21ம் இருக்கின்றன, பீடிச் சுளகும் இருக்கிறது.

செப்டம்பர் 26 – கேட்டவர்

20 வீடு முடித்துவிட்டேன். அடுப்பு 27 வந்தது, கார்டு 24, தலைக்கட்டு 22. எது சரியான எண் என்று ரிப்போர்ட்டில் போடுவது? இன்னொன்று, ஒரு வீட்டில் பூக்கட்டுகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண் ராத்திரி இரண்டு மணி நேரம் கட்டுகிறாள். அப்பா அவளை "படிக்கிறா" என்று சொன்னார். எந்தக் குறியீடு?

செப்டம்பர் 26, இரவு

மூன்று எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். 27க்கும் 22க்கும் நடுவில் உள்ள 5 எந்தெந்த அடுப்பு என்று தாளை எடுத்துப் பாருங்கள். பெண் தலைமையில் இருக்கும் அடுப்புகளாக இருந்தால் உங்கள் ரிப்போர்ட்டின் முதல் பத்தி அதுதான்.

அந்தப் பெண்ணுக்கு 91 என்று எழுதுங்கள், பிறகு துணை நிலைக் கட்டத்தில் 21. தினமும் இரண்டு மணி நேரம் என்றால் 30 நாள் கணக்குத் தாராளமாகத் தாண்டும். பதில் சொன்னது அப்பா என்பதையும் எழுதுங்கள். எத்தனை முழம் கட்டினாள், முழத்துக்கு என்ன கூலி, காசு யார் கையில் போனது என்ற மூன்றையும் அடுத்தமுறை போகும்போது அம்மாவிடம் கேளுங்கள், மல்லி வந்து இறங்கும் நேரத்தைத் தவிர்த்துவிட்டு.

ரிப்போர்ட்டில் அந்தத் தெருவின் பெயரைப் போடாதீர்கள்.